திரும்பி வரும் கோடு

யுத்த காலத்தில், நான் கல்லூரிக்குப் போகும் வழியிலிருந்த பலாபத்வல சோதனைச் சாவடியில் நின்ற அந்தச் சிப்பாயின் பெயர் எனக்குத் தெரியாது. தாடையில் தொப்பிப் பட்டி பதிந்த தழும்பு இருக்கும். பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைச் சோதித்த பிறகு, அவர் மட்டும் ஸிப்பை மூடித் தருவார்.

அப்போது கல்லூரியில் அறிவியல் புனைகதைகளும் அவற்றுக்கு அடிப்படையான அறிவியலும் எங்களுக்குப் பாடம். ஒருநாள் என் பையில் நான் வரைந்த ராக்கெட் படம் அவர் கையில் அகப்பட்டது. தமிழன் பையில் ராக்கெட். அவர் என்பதால் எனக்குப் பயம்கூட வரவில்லை.

"நிலாவுக்குப் போற கதைங்க சேர். காலேஜ் பாடம்."

பூமியிலிருந்து நிலாவுக்குப் போன கோட்டில் அவர் விரலை ஓட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "போற கோடு இருக்கு. வாற கோடு எங்க?"

"கதை எழுதுன காலத்துல அனுப்பத்தாங்க சயன்ஸ் இருந்திச்சு. திருப்பிக் கொண்டுவர இல்லீங்க."

தலையாட்டிவிட்டு ஸிப்பை மூடினார்.

அடுத்த வாரம் அவர் இல்லை. வடக்கே யுத்தத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். புதியவர் பையைத் திறந்தபடியே தந்தார். நானும் மூடாமலே பஸ்ஸில் ஏறினேன்.