நீஸ் கடற்கரையில் குடை வேண்டாம் என்றோம்

நானும் கணவரும் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஒரே ஹோட்டலில் வேலை செய்கிறோம். எனக்கு அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை, அவருக்குச் சமையலறை. சென்ற கோடையில் கிடைத்த சிறு விடுமுறைக்கு, வேலை முடிந்த கையோடு ரயிலேறி, பிரான்சின் நீஸ் நகருக்குப் போனோம். பையை அறையில் வைத்துவிட்டு நேரே கடற்கரைக்கு நடந்தோம். அங்கே ஒரு குடையை வாடகைக்கு எடுப்போமா என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணத்து வெயிலில வளர்ந்த எங்களுக்குக் குடையோ?" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. இத்தனை வருடமாக அவர் பகலில் பார்த்தது சமையலறை விளக்கைத்தான் என்பது இருவருக்கும் நினைவு வரவில்லை.

கூழாங்கற்கள்மேல் துவாயை விரித்துப் படுத்ததும் உறங்கிவிட்டோம். நான் சால்வையால் போர்த்தியிருந்தேன், அவருக்கு அதுவும் இல்லை. அவருடைய முனகலில்தான் விழித்தேன். உடம்பு கொதித்தது, வியர்வையே இல்லை.

"சூப்பை இறக்குங்கோ, அடிப்பிடிக்குது" என்றார், கண்ணைத் திறக்காமலே.

நான் போட்ட சத்தத்தில் கடற்கரைக் காவலர்கள் ஓடிவந்து, அவரை நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீரால் நனைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். கடைசியாக எப்போது நன்றாக ஓய்வெடுத்தார் என்றும் கேட்டார்.

இப்போதெல்லாம் குடையில்லாமல் வெயிலில் இருப்பதில்லை. விடுமுறையின் முதல் நாள் எங்கும் புறப்படுவதுமில்லை. இந்த முறை லீவு தொடங்கியதும், "எங்கை போவம்?" என்று கேட்டார்.

"முதல்ல நித்திரை கொள்ளுங்கோ" என்றேன்.

"ஓம்" என்று கட்டிலில் சாய்ந்தவர், காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.