கல் இல்லாத இடத்தில் கடப்பாறை

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் சாலையில் துரைக்கண்ணு கேங் கூலி. மழை அரித்த ஓரங்களுக்கு மண் அடைப்பதும், பள்ளங்களில் ஜல்லி கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவதும் அவர் வேலை. கையளவு நிலம்கூட இல்லாத அந்தக் குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதனால் வேலையில் ஒரு பயம் கலந்த ஒழுங்கு உண்டு.

அறுபத்தாறாம் வருஷ மழையில் சாலையில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி, தார் பெயர்ந்துவிட்டது. தை பிறந்ததும் அங்கே சிமெண்டுக் குழாய் புதைக்கச் சாலையைக் குறுக்கே வெட்டச் சொன்னார்கள். சாலைக்கு அடியில் ஒயரோ பைப்போ கொண்டுபோனவர்கள் இரு ஓரத்திலும் அடையாளக் கல் நட்டிருக்க வேண்டும். கல் இருந்தால் கடப்பாறை போடக் கூடாது. துரைக்கண்ணு இரு பக்கமும் போய்ப் பார்த்தார்.

“கல்லு எதுவும் இல்லீங்க மேஸ்திரி.”

“அப்ப வெட்டு. பஸ்சு வர்றதுக்குள்ள ஒரு பக்கமாவது முடியணும்,” என்றார் மேஸ்திரி கோதண்டராமன்.

முழங்கால் ஆழம் தோண்டியாயிற்று. சாலைக்கு அப்பால் நேமிராஜ நைனார் கிணற்றில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது. துரைக்கண்ணு அதைக் கவனிக்கவில்லை. ஓங்கிய கடப்பாறையை இறக்கினார். துருப்பிடித்த இரும்புக் குழாய் பொத்துக்கொண்டது. நெம்பி எடுத்தபோது நுனியில் கறுப்பு ஒயர் அறுந்து வந்தது.

அது கிணற்று மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயர் என்று அவருக்குத் தெரிந்தது. கடப்பாறையை விடவும் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“வுட்டுடு துரைக்கண்ணு. கரண்ட்ட நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆவாது.”

நைனாரின் மனைவி ராஜமதி வரப்பில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். முற்றத்தில் நெல் காயவைத்தவள், ஒயர் புதைத்த இடத்தில் அவர்கள் வெட்டுவதைப் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டால் காதில் விழாத தூரம். நேரே கரண்ட் கம்பத்தடிக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் இங்கே ஓடி வந்திருக்கிறாள்.

துரைக்கண்ணு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

மோட்டார் நின்றதற்குக் காரணம் தேடி வந்த நைனார் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு, “மழையில கல்லு அடிச்சிக்கினு பூடுச்சி. ஆபீசுல சொல்லணும்னுதான் இருந்தேன். மல்லாட்டை புடுங்குற வேலையில தள்ளிப்போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்பா,” என்றார்.

“உயிரு இருக்குது, நைனாரே. அது போதும்,” என்றார் துரைக்கண்ணு. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. மேஸ்திரியும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து அந்த கேங்கில், கல் இல்லாவிட்டாலும் இரு பக்கத்து நிலக்காரர்களையும் கேட்காமல் யாரும் மண்ணைத் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். மனைவி மீனம்பாள் அவருடைய உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சாப்புடு,” என்றாள் கடைசியில்.

துரைக்கண்ணுவுக்கு அப்படியொரு பசி எடுத்தது. சட்டியில் இருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டார்.