கவுண்டருக்கு அடியில் ஒரு சின்ன பாட்டில்

டெல்ஃபினா கல்யாணமாகி வந்தபோது, மிலான் நகரத்து லாம்ப்ராத்தே ரயில் பாலத்துப் பக்கத்தில் இருந்த அந்த பாரில் வேலை இரண்டாகப் பிரிந்துகிடந்தது. காலைக் காபியும் மத்தியானச் சாப்பாடும் அவளுடையவை. சாயங்காலம் புருஷன் துல்லியோவுடையது. சாப்பாட்டுக்கு முன்னால் பசியைக் கிளப்ப ஆண்கள் வந்து நின்று காம்பாரி என்கிற சிவப்புக் கசப்பு மதுவைக் குடிக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் கவுண்டர் பக்கமே வரமாட்டாள். ஆலிவ் கிண்ணங்களை நிரப்பி அனுப்புவதோடு சரி.

துல்லியோ கண்ணளவில் ஊற்றுகிறவன். ஜின், மூலிகை ஒயினான சிவப்பு வெர்மூத், காம்பாரி மூன்றும் தராசில் நிறுத்ததுபோல் சமமாக விழும். பேசிக்கொண்டே ஊற்றுவான். கவுண்டரில் நிற்கிறவர்களுக்கும் அந்தப் பேச்சுதான் பாதி போதை. நொவாராக்காரர் ஒருவர் என்னென்னவோ வேரும் பட்டையும் ஊறப்போட்டு இந்தக் கசப்பைக் கண்டுபிடித்தது, அதை வெர்மூத்தோடும் சோடாவோடும் கலந்ததை அமெரிக்கக்காரர்கள் விரும்பிக் குடித்ததால் அமெரிக்கானோ என்று பேர் வந்தது, ஃப்ளாரன்ஸில் ஒரு பிரபு சோடா வேண்டாம் ஜின் ஊற்று என்று கேட்டதில் நெக்ரோனி பிறந்தது, இதே மிலானில் ஒருத்தர் ஜின் பாட்டிலுக்குப் பதில் நுரை ஒயினைக் கைதவறி எடுத்து ஊற்ற அதுவே புதுச் சரக்கானது எல்லாம் தினமும் ஓடும். தினமும் யாராவது அதை மறுப்பார்கள்.

துல்லியோ மாரடைப்பில் போன பிறகு சாயங்காலமும் அவள் தலையில் விழுந்தது. அவளுக்குக் கண்ணளவு வரவில்லை. சின்ன அளவுக் குவளையை வைத்து ஊற்றினாள். கவுண்டரில் நின்றவர்கள் அதைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள். அவளும் அவர்கள் பார்ப்பதைக் கவனிக்காததுபோல் ஊற்றினாள்.

அவளுடைய அண்ணன் ஒரெஸ்தேவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். ஆலிவ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவுண்டரின் கோடி அவன் இடம். கூடவே முடிதிருத்தும் பியேரினோ. ஒரெஸ்தே 'வழக்கமானது' என்பான், அமெரிக்கானோ வரும். அந்தச் சொல்லைச் சொல்லவே அவன் நாள் முழுக்கக் காத்திருந்த மாதிரி இருக்கும்.

செப்டம்பரில் கல்லீரல் கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டெல்ஃபினாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். மறுநாள் ஆறரைக்கு அவன் வந்து தன் இடத்தில் நின்றான். அந்தக் கவுண்டரில் நின்றுகொண்டு வேறு எதையும் கேட்டுவிட முடியாது. பல்வலிக்காக ஒருமுறை ஆரஞ்சு ஜூஸ் கேட்டவனை ஒரு வருஷம், கோயிலில் முதல் அப்பம் வாங்குகிற சின்னப் பிள்ளை என்று கேலியாக, 'முதல் நற்கருணை' என்றே கூப்பிட்டவர்கள் அவர்கள்.

"வழக்கமானது" என்று சொல்லிவிட்டு ஒரெஸ்தே தங்கையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

அவள் குனிந்து, கவுண்டருக்கு அடியில் இருந்த போதையில்லாத சிவப்புக் கசப்பு சோடாவின் குட்டி பாட்டிலைத் திறந்து, அவனுடைய கிளாஸில் ஊற்றி, பனிக்கட்டியும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு வைத்தாள். நிறம் அதேதான். குடித்துவிட்டு, இன்றைக்குக் கசப்பு நன்றாக இருக்கிறது என்றான். இலையுதிர்காலம் முழுக்க அப்படியே போனது. அண்ணனை நல்லபடியாக ஏமாற்றிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு ரகசியச் சந்தோஷம்கூட இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், பாலத்தடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இளம் ஜோடி ஒன்று வந்து நெக்ரோனி கேட்டது. ஒரெஸ்தே உற்சாகமாகிவிட்டான். காம்பாரிக்கு அந்தக் காலத்தில் பூச்சியை அரைத்த சாயம்தான் போடுவார்கள், இப்போது வேறு சாயம், அதைக்கூடத் தன் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்றெல்லாம் அளந்தான். அந்தப் பையன் டெல்ஃபினா ஊற்றுவதைப் பார்த்து, அளவு இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டுமா என்று கேட்டான்.

ஒரெஸ்தே சிரித்தான். "துல்லியோ இருந்தப்ப வந்திருக்கணும் நீங்க. என் தங்கச்சி மருந்துக்கடை மாதிரி அளந்து ஊத்தறா. இந்தக் கவுண்டர்ல ருசி அவனோடயே போயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபினா அளவுக் குவளையைக் கீழே வைத்தாள். குனிந்து, அன்றைய காலிக் குட்டி பாட்டிலை எடுத்து அவன் கிளாஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"செப்டம்பர்லேர்ந்து இதைத்தான் குடிக்கிறே. கொழந்தைங்க குடிக்கிற சோடா. உன் நாக்கு கண்டுபிடிச்சுதாண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. பியேரினோ ஆலிவ் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான். ஒரெஸ்தே மிச்சத்தைக் குடித்து முடித்தான். காகிதத்தால் வாயைத் துடைத்தான். எல்லோருக்கும் சாயங்கால வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. டிராம் டிப்போவுக்கு எதிரே, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத பாரில் தனியாக நின்று அவன் நிஜமான அமெரிக்கானோ குடிப்பதாகப் பியேரினோ வந்து சொன்னான்.

டெல்ஃபினா பாரைச் சாத்திவிட்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் காபி போட்டுக் கொடுத்தான். டிராம் வழித்தடத்தை மாற்றியதைப் பற்றி வெகுநேரம் பேசினான். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, சாயங்காலம் வாயேன்."

"வந்து?" என்றான் அவன், கோபமே இல்லாமல். "வந்து என்ன கேக்கறது, டெல்ஃபினா?"

படியிறங்கும்போதும் யோசித்தாள், டிராமிலும் யோசித்தாள். கேட்பதற்கு அவனுக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை அவளே பிடுங்கிவிட்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முன்னால் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் வீடு திரும்பவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் பாருக்கு வந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் பியேரினோ நின்றான்.

"முதல் நாளே தெரியும் எங்களுக்கு" என்றான். "வெர்மூத் வாசனை வராம அமெரிக்கானோ எங்க இருக்கு? யாரும் வாயத் தொறக்கல, அவ்வளவுதான்."

"அவனுக்கு?"

"அவனுக்குத் தெரியாமயா? தங்கச்சி ஒரு வார்த்தை பேசாம மானத்தக் காப்பாத்திட்டான்னு என்கிட்ட சொன்னான். அன்னிக்கி உன் அளவுக் குவளையக் கிண்டல் பண்ணது தப்பு. ஆனா..."

அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. அத்தனை வருஷம் பாரில் வேலை செய்தவள் அவள். அன்று அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே எல்லாம் இருந்தது. அதை அவள் வாங்கிக்கொண்டு, தன் சாமர்த்தியம் என்று கணக்கில் வைத்துக்கொண்டாள். வீராப்புப் பேசுகிற ஆண்களை அவள் நிறையப் பார்த்தவள். நிஜமாகவே குடிக்கிறவன்போல் காட்டிக்கொள்ள அவன் பேசிய வீராப்பும் அந்த ஏற்பாட்டில் ஒரு பங்குதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த அக்டோபரில் பியேரினோ இரண்டு வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகம் மஞ்சளடித்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர் கவுண்டரில் நின்றிருந்தார்கள். அவன் ஆலிவ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"வழக்கமானது" என்றான். நிமிர்ந்து பார்த்தான்.

டெல்ஃபினா குனிந்தாள். பனிக்கட்டி, ஆரஞ்சுத் துண்டு எல்லாம் போட்டு வைத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான். பக்கத்தில் நின்றவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெர்மூத் கொஞ்சம் கம்மி" என்றான் பியேரினோ. "கண்ணளவு வராதவங்க கையில இதுதான் தொல்லை."

கவுண்டரில் சிரித்தார்கள். அவள் குவளையைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"நாளைக்குச் சேத்து ஊத்தறேன்" என்றாள்.