தமிழை நீக்கிய ஒரு வரி

எங்கள் ஆபீஸில் திவ்யலட்சுமிக்கு ‘அடுப்புக்காரி’ என்று பட்டப்பெயர். தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் கம்பெனி. பெரிய ஆபீஸ்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, வாசகசாலைகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது தொழில். வெளியே கிடைக்கிற சிஸ்டம் எதுவும் அந்தக் கிழட்டு மெஷின்களில் ஓடாது. ஆகவே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே மூல நிரலிலிருந்து நாங்கள் கம்பைல் செய்து, புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்கிறவள் திவ்யா. காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை அவள் மெஷின் சூடாகி உறுமிக்கொண்டே இருக்கும்.

நான் அழகியநம்பி. கடிதம் எழுதுவதும் சாமான் அனுப்புவதும் என் வேலை. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் திவ்யா சொல்லித் தெரிந்ததுதான்.

கம்பைல் தொடங்கும் முன் ஒரு செட்டிங்ஸ் ஃபைல் எழுதுவார்கள். எது வேண்டாமோ அதற்கு ஒரு வரி. பிரிண்டர் இல்லாத இடத்துக்குப் போகிற மெஷினா, ‘பிரிண்டர் இல்லாமல்’ என்று எழுதினால் அந்தப் பகுதியே சேராது; இடம் மிச்சம். திவ்யா அந்த ஃபைலில் மகா கஞ்சம். ஒன்றில் மட்டும் தாராளம். தமிழ் எழுத்துரு, தமிழில் தட்டச்சு, தமிழை வாசித்துக்காட்டும் குரல் எல்லாம் முழுசாக உள்ளே இருக்க வேண்டும்.

காரணம் அவள் அம்மா பூமாரி. பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். மகள் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். பூமாரிக்குத் தெரிந்தது எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழ் மட்டும். தமிழ்ப் பத்திரிகை அந்த மலைக்கு வருவதில்லை. திருநெல்வேலியிலிருந்து யாராவது சாமான் பொதிந்து கொண்டுவந்த பேப்பரை நீவி நீவிப் படிப்பாள். நல்ல இடத்தில் செய்தி கிழிந்திருக்கும். அந்த எஸ்டேட் வாசகசாலைக்கு ஆறு மெஷின் ஆர்டர் வந்த அன்று திவ்யா போனில் பேசியதை நான் கேட்டேன்.

“இனி முழுப் பேப்பரும் படிக்கலாம்மா. நம்ம எழுத்து வரும். நாந்தானே செய்யுதேன்.”

பூமாரி சும்மா இருப்பாளா? லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் சொல்லிவிட்டாள்.

திவ்யாவைத் தவிர அந்த ஃபைலைத் தொடுகிற ஒரே ஆள் ராகேஷ். ஒன்பது வருஷம் பக்கத்து மேஜை. மதியம் இரண்டு பேர் டப்பாவும் நடுவில்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராகேஷ் ஒரு தப்புச் செய்தான். நெட்வொர்க்கை நீக்க வேண்டாம் என்று நினைத்து, ‘நெட்வொர்க் இல்லாமல் = நோ’ என்று எழுதிவிட்டான். அந்தச் சிஸ்டம் சமக்குறிக்கு எதிரே இருப்பதைப் படிக்காது. வரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், இருந்தால் நீக்கிவிடும். ஹோட்டலில் ‘வெங்காயம் இல்லாமல்’ என்று காதில் விழுந்ததுமே அடுப்படிக்குப் போய்விடுகிற சப்ளையர் மாதிரி. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தவன், ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி திவ்யாவின் மானிட்டரில் ஒட்டினான்: ‘எதிரே என்ன எழுதினாலும் படிக்காது. வரி இருந்தாலே போச்சு.’ செல்லோடேப் நாலு தடவை மாறியும் சீட்டு அங்கேயே இருந்தது.

ஆறு மெஷினுக்கும் கம்பைல் நடந்த வாரம் திவ்யாவுக்குக் காய்ச்சல். ராகேஷ்தான் செய்தான். அவள் திரும்பி வந்ததும் கேட்டாள்.

“தமிழ் இருக்கல்லே?”

“உண்டு எடீ. நான் பார்த்தாச்சு.”

அவள் ஃபைலைத் திறக்கவில்லை. பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். “ராகேஷ் பார்த்தா நான் பார்த்த மாதிரிதான் அண்ணாச்சி” என்றாள்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். பூமாரி புதுச்சேலையில், பதினைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளைத்தான் முதலில் உட்காரவைத்தார்கள். திவ்யா ஒரு தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தாள். திரை நிறைய வெறும் கட்டங்கள்.

“ஏட்டி, எழுத்தெல்லாம் எங்க? கட்டங் கட்டமால்லா கெடக்கு?”

அடுத்த மெஷினிலும் அதே. ஆறிலும் அதே. மலையாளம் பளிச்சென்று வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். திவ்யா அதே பக்கத்தை மறுபடி மறுபடி திறப்பதை நான் பார்த்தேன்; பூமாரியும் பார்த்தாள். சட்டென்று கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“எழுத்து வருது பிள்ளேளா. எனக்குத்தான் கண்ணு தெரியல. கண்ணாடி மாத்தணும்” என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

 திவ்யா ஆறு மெஷினையும் ஒவ்வொன்றாக அணைத்தாள்.

மறுநாள் முதலாளி அனந்தபத்மநாபன் அறையில் ஃபைலைத் திறந்தார்கள். நடுவில் ஒரு வரி: ‘தமிழ் இல்லாமல் = நோ’.

“ஒப்பு நின்டெதல்லே?” என்று முதலாளி பரிசோதனைத் தாளில் திவ்யாவின் கையெழுத்தைக் காட்டினார்.

“சாரே, நோன்னுதான் நான் போட்டேன். நீக்க வேண்டாம்னு நினைச்சு போட்டது. சின்ன மிஸ்டேக் அல்லே, யாருக்கும் வரும்” என்றான் ராகேஷ்.

நானும் நம்பினேன், முட்டாள். திவ்யா வெளியே போய், மானிட்டரிலிருந்து அந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து அவன் முன்னால் மேஜையில் வைத்தாள். அன்று தான் எழுதியதை அவன் பார்த்தான். முகம் செத்துவிட்டது. முதலாளி “இது எந்தா?” என்றார். திவ்யா வெளியே நடந்தாள்.

வராந்தாவில் அவன் பின்னாலேயே வந்தான்.

“எடீ, சார் பாட வீடியோ எல்லாம் உள்ளே வேணும்னு சொன்னாரு. இடம் இல்ல. தமிழ எடுத்துட்டு உன்கிட்டே மெதுவா சொல்லுன்னாரு. உன் மூஞ்சியப் பார்த்து எனக்குச் சொல்ல முடியல. இப்போ சாரும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துட்டாரு.”

“சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். வீடியோவ பென் டிரைவ்ல கொடுப்போம்னு கேட்டிருப்பேன். தோத்தாலும், வராதும்மான்னு அம்மாட்ட சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே ராகேஷ்?” அவள் குரல் உடைந்தது. “நீ எடுத்தது கூடப் பெரிசில்ல. பிடிபட்டா மிஸ்டேக்னு சொல்லித் தப்பிக்க, அந்த ‘நோ’வையும் எழுதி வெச்சிருக்கே. என் கையெழுத்த அதுக்குக் கீழே வாங்கியிருக்கே.”

அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு. வைக்கவில்லை; ஆபீஸ் மனுஷன்.

திவ்யா அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தாள். வீடியோக்கள் ஒரு பென் டிரைவில் அடங்கின; முதலாளியும் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ஆறு மெஷினையும் அவளே மாற்றினாள். பூமாரி அன்று புதுக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாளாம். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, இடைப்பட்ட நாளில் நெடுமங்காடு வரை போய் வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் திவ்யா என் முன்னால் அழுதாள்.

ராகேஷ் இப்போதும் பக்கத்து மேஜைதான். டப்பாக்கள் தனித்தனி. ஃபைல் அனுப்பிவிட்டு ‘நான் பார்த்தாச்சு’ என்று அவன் சொல்வதில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திவ்யா அதைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறாள்.