ஆறிய புண்

கடலூர்ப் பக்கம் எங்கள் மீனவத் தெருவில், புண் ஆறினால் நல்லது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்காக ஒருவர் எங்களை முட்டாள்கள் என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்து, எச்சில்கூட இறங்காமல் போயிற்று. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு, குழாய் வைத்து அனுப்பினார்கள். அம்மா கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் அதற்குள் ஏற்றுவாள். குழாயைச் சுற்றிக் கசியும். கசிந்த இடமெல்லாம் தோல் வெந்து சிவந்திருக்கும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருமிய இருமலில் குழாய் கழன்று விழுந்தது. அம்மா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்த தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கி பெரிய டாக்டரு வரமாட்டாருக்கா. நாளைக்குக் காலைல போவலாம். அதுவரைக்கும் புண்ணு காத்தாடட்டும்" என்றார் மாமா.

அம்மா குழாயை வெந்நீரில் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள். திருப்பி மாட்டத்தானே போகிறார்கள். மறுநாள் பார்த்தால் துளை சுருங்கி மூடியிருந்தது. சிவப்பும் குறைந்திருந்தது. அம்மா மாரியம்மனைக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"விழுந்த உடனே ஓடி வரணும்னு தெரியாதா? சில மணி நேரத்துல ஓட்டை மூட ஆரம்பிச்சிடும். முட்டாள் ஜனங்க!"

"ஆரும் சொல்லலீங்களே சார்" என்றாள் அம்மா.

"அதான் சீட்டுல எழுதியிருக்கே?"

குழாய் வைத்து அனுப்பியபோது கொடுத்த அந்தச் சீட்டு முழுக்க இங்கிலீஷ். அம்மா அதை என்னிடம் நீட்டினாள். "பள்ளிக்கூடம் போறியே, படிடா." அப்பா பெயரைத் தவிர வேறொன்றும் எனக்குப் படிக்க வரவில்லை. மாமா சுவரைப் பார்த்து நின்றார். அன்றைக்கே தமிழில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்ப இவர்களுக்கு என்ன கேடு?

மறுபடி துளை போட உடம்பு தாங்காது என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள். புண் ஆறியதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு அவள்மேல்தான் எரிச்சலாக வந்தது.

"அப்பா, இனிமே எங்களாட்டம் வாயாலயே சாப்புடலாம்ல?"

அப்பா தலையாட்டினார். சுறாப்புட்டு, நெத்திலிக் குழம்பு, நண்டு என்று ஆலப்பாக்கத்தில் இறங்கும்வரை நான் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.