முனியாண்டியின் சபாஷ்

முனியாண்டிக்கு நல்ல பாட்டைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. மலேசியாவில் கிள்ளானில் கோயில் திருவிழா மேடைகளுக்கு முன்னால் வளர்ந்த ஆள். நாதஸ்வரக்காரர் ஒரு பிடி பிடித்தால் கூட்டத்திலிருந்து 'ஆஹா' வர வேண்டும், வராவிட்டால் வாசிக்கிறவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது என்று நம்புகிறவர். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆரம்பித்த பிறகும் அந்த நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை. தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவில் எந்தப் பிள்ளை மைக் முன்னால் நின்று நடுங்கினாலும் கடைசி வரிசையிலிருந்து அவருடைய 'சபாஷ்' கிளம்பிவிடும். பிள்ளைக்கும் தெம்பு வந்துவிடும். "முனியாண்டி அண்ணன் வர்றாருல்ல?" என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்கிற தாய்மார்கள்கூட உண்டு.

அந்த வாய்தான் சொந்த மகளிடம் அவரைக் கவிழ்த்தது.

மகள் ஷாமினி வயலின் வாசிக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்காகவே பாபடோயிட்டோயில் இருந்த விசாலமான வீட்டை விட்டுவிட்டு, எப்சமில் கைகாலை நீட்ட முடியாத ஒரு யூனிட்டுக்குக் குடிவந்தார்கள். 2013இல் பள்ளியின் இசை மாலையில் அவளுக்குத் தனி வாசிப்பு. ஹாலில் ஒருவர் இருமவில்லை. மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஓரிடத்தில் அவள் வில்லை ஒரு கணம் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் முனியாண்டி எழுந்தே நின்று, "சபாஷ்டா கண்ணு!" என்று கத்திவிட்டார். முன்வரிசையில் சிரித்தார்கள். ஷாமினிக்கு அடுத்தது என்னவென்று மறந்துபோயிற்று. கண் கலங்கப் பாதியிலேயே மேடையை விட்டு இறங்கினாள்.

அப்பா இனிமேல் என் நிகழ்ச்சி எதற்கும் வரக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளையின் கோபம் லேசில் ஆறுமா? அடுத்த நிகழ்ச்சிகளுக்கு அம்மா விக்னேஸ்வரி மட்டும் உள்ளே போனாள். முனியாண்டி பள்ளிக்கூடத்துக் கார் பார்க்கில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏதாவது காதில் விழுகிறதா என்று உட்கார்ந்திருப்பார். பாவம் மனிதர்.

2014 குளிர்காலத்தில் அயர்லாந்திலிருந்து ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும் நாட்டுப்புறப் பாட்டுப் பாட வந்தார்கள். அவர்கள் ஃபிடில் வாசிக்கிற விதத்தைக் கட்டாயம் கேள் என்று வயலின் டீச்சர் சொல்லியிருந்தார். அம்மாவும் மகளும் போவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் விக்னேஸ்வரியை முதியோர் இல்லத்து ஷிஃப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஷாமினியின் முகம் தொங்கிப்போயிற்று. விக்னேஸ்வரிதான் பஞ்சாயத்துப் பண்ணினாள்.

"இந்தா பாரு, அப்பாவக் கூட்டிட்டுப் போ. கச்சேரி முடியிற வரைக்கும் வாயத் திறக்காம இருந்துட்டாருன்னா, அடுத்த மாசம் உன் ஸ்கூல் கான்சர்ட்டுக்கு அவரும் வரட்டும். திறந்தாருன்னா, இனிமே அவருக்காக நான் பேசவே மாட்டேன்."

"டீல்," என்றாள் ஷாமினி.

"திறக்க மாட்டேன்லா. திறந்தா ஏன்னு கேளு," என்றார் முனியாண்டி. சத்தியம் பண்ணுகிறவர்போல் கையை வேறு தூக்கினார்.

சான்ட்ரிங்ஹாம் பக்கம் ஒரு பழைய ஹால். கோட்டும் மஃப்ளருமாக வெள்ளைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். முதல் பாட்டே துள்ளல். தங்கைகளில் ஒருத்தி ஃபிடிலை இழுத்த இழுப்பில் முனியாண்டியின் நாக்கு நுனி வரைக்கும் 'சபாஷ்' வந்துவிட்டது. அவசரமாக ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஷாமினி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவரும் அக்கம்பக்கத்தார்போலவே அளவாகக் கைதட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல பாட்டுக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மகள் வாசிப்பதை உள்ளே உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்காக எதையும் தாங்கலாம்.

இடைவேளை தாண்டியது. பிறகு மூன்று பேரும் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, வெறும் குரலில் ஒரு பாட்டு எடுத்தார்கள். ஐரிஷ் மொழி. ஒரு சொல்கூடப் புரியவில்லை. மூத்த தங்கை ஒரு வரியை மேலே கொண்டுபோனாள், இன்னும் மேலே கொண்டுபோனாள், அண்ணனும் இளையவளும் அடியில் நின்று தாங்கினார்கள். பிறகு மூன்று குரலும் ஒன்றாகக் கீழே வந்து, ஒரே இடத்தில் சட்டென்று நின்றன.

"ஆஹா!"

யார் கத்தினது என்று முனியாண்டியே ஒரு கணம் தேடினார். முன்வரிசைத் தலைகள் திரும்பின. யாரோ 'ஷ்' என்றார்கள். ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடையில் அண்ணன்காரன் பாட்டைத் தொடராமல் சிரித்தான். அப்பாடா, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார் என்றான். எங்கள் பக்கத்தில் பாட்டுக்கு நடுவே குரல் கொடுக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால், பாடுகிறவர்மேல் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எங்கள்மேல் எல்லாருக்கும் என்ன கோபம் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தோம் என்றான். ஹால் சிரித்தது. மூத்த தங்கை, முனியாண்டி இருந்த பக்கம் திரும்பி, அதே வரியை அவருக்காக மறுபடியும் பாடினாள்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. ஒருவர் 'ஹோ' என்றார். ஓர் அம்மாள் விசிலே அடித்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தது முனியாண்டி ஒருவர்தான்.

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ஷாமினி கேட்டாள்.

"அப்பா, ஆஃப்டர் தட் ஏன் நீங்க ஷவுட் பண்ணல? எல்லாருமே பண்ணாங்களே."

"அதான் தோத்துட்டேனே. இன்னும் வேற கத்தி உன்ன அசிங்கப்படுத்தணுமா?" அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அம்மாவோடயே போயிட்டு வா. நான் கார்ல இருக்கேன். அங்கயும் கொஞ்சம் கேக்குது. பரவால்ல."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் பார்க்கில் அவர் கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருப்பார் என்பது ஷாமினிக்கு அதுவரை தெரியாது. வண்டியிலேயே தூங்குவார் என்றுதான் நினைத்திருந்தாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு ஆங்கிலத்தில் பேசினாள். மேடையில் அந்த அக்கா இரண்டாம் தடவை பாடினாளே, முதல் தடவையைவிட அதுதான் நன்றாக இருந்தது, கவனித்தீர்களா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அடுத்த மாதம் அவள் வாசிக்கப்போவதிலும் நடுவில் வில்லை நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு, கொஞ்ச நேரம்தான் நிற்க வேண்டும், டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றாள்.

"சரிடா. நான்தான் வரலையே," என்றார் முனியாண்டி.

"நோ, நீங்க வாங்க. உள்ள வந்து உட்காருங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த இடத்துல நீங்க சபாஷ் சொல்ற வரைக்கும் நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன். ஐ வில் வெயிட், அப்பா."