கமலா அக்கா வைத்த பொட்டு

"மன்னிச்சுக்கம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் கமலா அக்கா ஒரு படத்தை அழிப்பார். கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, அந்த மணப்பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பெயர் நினைவிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வார். பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து. சிங்கப்பூர் தேக்காவில் பூக்கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் அவருடைய ஒப்பனை அறையில், ஆள் இல்லாத நேரமெல்லாம் இதே வேலைதான். பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

நான் புருவம் திருத்திக்கொள்ள அங்கே போகிறவள். ஒன்பது வருடப் பழக்கம். "எல்லாத்தையும் மொத்தமா எடுக்க வழி இருக்குக்கா, நான் காட்டுறேன்," என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"எனக்கும் தெரியும் லா. என் பேஜை அன்னிக்கே யாரும் பாக்க முடியாதபடி லாக் பண்ணியாச்சு. போடறப்ப ஒவ்வொருத்தியாக் கேட்டா போட்டேன்? எடுக்கறப்பவாச்சும் ஒவ்வொருத்தியாப் பார்த்து எடுக்கறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தைக் கொடுத்தேன்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. புக்கிட் மேராவில் வீடு. சின்ன வயதில் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே இயந்திரத்தில் மாட்டி வலது மோதிரவிரலின் நுனி கொஞ்சம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் ஒப்பனை கற்றுக்கொண்டார். ஊர்ப் பெண்களையெல்லாம் ஜொலிக்க வைக்கிறவர் தனக்கென்று பூசிக்கொள்வது வெறும் பவுடர்தான். மணப்பெண்ணைத் திட்டாமல் அவருக்குக் கை ஓடாது. "ஆடாத. ராத்திரி தூங்கவே இல்லியா? கண்ணுக்குக் கீழ கத்தரிக்கா மாதிரி இருக்கு. இதுல அழுகை வேற!" திட்டு வாங்காத பெண்ணுக்கு ஏதோ குறை வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றும்.

எல்லாம் முடிந்ததும் கண்மையை மோதிரவிரலில் தொட்டு, பெண்ணின் இடது காதுக்குக் கீழே, தாடையோரமாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பார். நுனி போன விரல் என்பதால் அது வட்டமாக விழாது, பிறையாக விழும். அப்புறம் கைபேசியை எடுத்துக்கொள்வார். "மெதுவாத் திரும்பும்மா. தோடு தெரியணும். இப்ப அந்தப் பக்கம். நேராப் பாரு. ஒரு சிரிப்பு. போதும் லா, பல்லு சுளுக்கிக்கப் போவுது." நல்ல வெளிச்சத்தில் முகத்தின் எல்லாப் பக்கமும் அதில் வந்துவிடும். அன்றைக்கே தன் ஒப்பனைத் தொழிலுக்கான இணையப் பக்கத்தில் போட்டுவிடுவார்.

படத்தின் கீழ் மூலையில் அவர் பெயர் கடுகளவு இருக்கும். யார் வேண்டுமானாலும் வெட்டி எடுத்துவிடலாம், படத்தின் நடுவிலேயே பெயரைப் போடுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. "கல்யாணப் பொண்ணு மூஞ்சியில குறுக்கால என் பேரை எழுதறதா? நல்லாவா இருக்கும்? திருஷ்டிக்குத்தான் பொட்டு வச்சிருக்கேன்ல," என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

போன வருடம் அவர் ஒப்பனை செய்த மணப்பெண் யாமினி. புக்கிட் பாஞ்சாங்கில் வீடு, தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி நாலு மாதத்தில் ஓர் ஆபாசக் காணொளி கைபேசிக் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது. உடம்பு யாருடையதோ, முகம் யாமினியுடையது. எவனோ வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கணினியில் ஒட்டவைத்திருக்கிறான். அவன் கை அழுகிப் போக! இப்படி எழுதுவது பத்திரிகைக்கு ஆகுமா தெரியாது. எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

யாமினி, கமலா அக்காவிடம் சண்டை போட வரவில்லை. போலீசில் புகார் கொடுத்துவிட்டு, "முகத்தை எங்கேருந்து எடுத்தாங்கன்னு தெரியலக்கா, நீங்க பாத்து சொல்லுங்க," என்று கேட்கத்தான் வந்தாள். காணொளியை நிறுத்தி, கழுத்துக்குக் கீழே உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டியிருக்கிறாள். அக்கா பார்த்தார். இடது காதுக்குக் கீழே, தாடையோரத்தில், பிறை.

"என் விரல் லா அது," என்று என்னிடம் சொன்னபோது அந்த விரலை இன்னொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். "கண்ணு படக்கூடாதுன்னு வச்சேன். அதோடயே தூக்கிட்டுப் போயிருக்கான் பாவி."

புருஷனும் மாமியாரும் யாமினியை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷர்கள். ஆனாலும் அவள் வேலையை விட்டுவிட்டாள். "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அவங்க அம்மா அப்பா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கறாங்க. அதான் முடியல," என்றாளாம். எம்ஆர்டி ரயிலில் முகக்கவசம் இல்லாமல் அவள் ஏறுவதே இல்லை.

அக்கா நூலகத்தில் ஒரு வகுப்புக்குப் போனார். ஒரு படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொண்டார். இப்போது ஒவ்வொரு படத்தையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறார். ஒரு பெண், அவளுக்கே தெரியாமல், எங்கோ ஒரு விளம்பரத்தில் முகக்களிம்பு விற்றுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, இரண்டு குழந்தைக்குத் தாய், போலிப் பெயரில் வரன் தேடிக்கொண்டிருந்தாள். உடனே அவர்களுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவார். சிலர் கத்துகிறார்கள். "கத்தட்டும். நான் என்ன சும்மாவா இருந்தேன், ஊருக்கே காட்டினேன்ல," என்பார். பொட்டு வைப்பதை மட்டும் அவர் விடவில்லை.

போன மாதம் யாமினியின் தங்கை ரக்ஷனாவுக்குக் கல்யாண வரவேற்பு. மதியம் யாமினியும் அவளும் சேர்ந்தே ஒப்பனை அறைக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். தங்கைக்கு அலங்காரம் முடிந்ததும் யாமினி நாற்காலியில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, பாக்கறவங்களுக்கு நான்தான்னு தெரியாத மாதிரி போட முடியுமா?"

கமலா அக்காவின் கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உன் மூஞ்சிம்மா அது. அதை நான் மாத்த மாட்டேன்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியில் பழைய யாமினி இருந்தாள். அக்கா மோதிரவிரலில் மையைத் தொட்டார். அந்த நேரம் பார்த்து ரக்ஷனா, சந்தோஷத்தில் எல்லாம் மறந்தவளாய், படமெடுக்கக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு யாமினிக்குக் கிட்டே வந்தாள். "அக்கா, சோ பிரிட்டி! ஒண்ணே ஒண்ணு, நமக்கு மட்டும்."

யாமினியின் தோள்கள் ஒடுங்கின. இரண்டு கையும் முகத்துக்குப் போயின.

காதுக்குக் கீழே போய்க்கொண்டிருந்த கமலா அக்காவின் விரல் பாதியில் திரும்பியது. ரக்ஷனாவின் கைபேசியை அவர் இடது கையால் பிடித்துக்கொண்டு, அதன் கேமராக் கண்மேல் மையை வைத்து அழுத்தினார்.